சாப்பிடாத கறி

அத்தியாயம் பதினான்கு

ரத்தம் எடுத்துக்கொண்டு போய் நாலு நாள் ஆகிவிட்டது. அந்த நாலு நாளும் லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டில், உள்ளே கைக்குழந்தை தூங்குகிற மாதிரி எல்லோரும் அடி எடுத்து வைத்தார்கள்.

போன வாரம் தவறவிட்டவர்களுக்காக நாலு வரி. மெக்கானிக்கின் கிட்னி இரண்டும் கெட்டுப்போனது தெரிந்து எட்டு மாதம் ஆகிறது. பள்ளிக்கூட கெமிஸ்ட்ரி லேபில் உதவியாளராக இருக்கும் அவர் மனைவி, சாப்பாட்டாலேயே இவரை மீட்டுக் காட்டுகிறேன் என்று வரிந்து கட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறாள். கறி, மீன், முட்டை, பால் எல்லாம் வாசலோடு நின்றுவிட்டன. அவளுக்குச் சர்க்கரை இருப்பதால் அவளுடைய கிட்னி ஆகாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். மகள் தன்னுடையதைத் தருகிறேன் என்றாள். 'நான் உயிரோட இருக்கிற வரைக்கும் அது நடக்காது' என்றார் அவர். அந்தச் சண்டை ஓய்ந்து மூன்று அத்தியாயம் ஆகிறது.

இன்றைக்கு ரிப்போர்ட் வருகிற நாள்.

ஐந்து மணிக்கே அடுப்படியில் விளக்கு எரிந்தது. மெக்கானிக் எழுந்து வந்து கதவில் சாய்ந்து நின்றார். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. இரண்டு வாரமாகச் செருப்பு வாரை ஒரு துளை தள்ளி மாட்டுகிறார். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மனைவி முட்டைக்கோஸை இழை இழையாக நறுக்கித் தராசில் வைத்தாள். எண்ணைப் பார்த்தாள். இரண்டு இழையைக் கிள்ளி வெளியே எடுத்தாள்.

"அந்த ரெண்டு இழையில என்ன வந்துடப் போகுது, புரொபசர்?"

கல்யாணமான புதிதில் அவர் கொடுத்த பட்டம் அது. லேபில் அவள் பாட்டில் கழுவி, மருந்து நிறுத்து வைக்கிற ஆள்தான்.

"ரெண்டு இழைதானேன்னு விட்டதுலதான் உங்க கிட்னி இந்தக் கதிக்கு வந்துச்சு. போய்ப் பல்ல விளக்குங்க."

நறுக்கிய கோஸ் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊற வேண்டும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் ஒரு கொதி விட்டு, அதையும் வடித்துக் கொட்ட வேண்டும். அப்போதுதான் பொட்டாசியம் இறங்கும். பீன்ஸுக்கும் காரட்டுக்கும் இதே கதைதான். பயறு என்றால் ஒரு கரண்டிக்கு மேல் கிடையாது. உப்பு டப்பா எட்டு மாதமாகப் பரணில் இருக்கிறது.

முதல் மாதம் மெக்கானிக் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. "ஆஸ்பத்திரிச் சுவத்த நக்கினாக்கூட இதவிடக் கொஞ்சம் உப்பு கரிக்கும்" என்று சொல்லி, மனைவியிடம் கரண்டியால் ஒரு தட்டு வாங்கியிருக்கிறார். அவள் விடவில்லை. பூண்டை எண்ணெயில் பொன்னிறமாக்கிப் போட்டுப் பார்த்தாள். குடைமிளகாயைத் தீயில் சுட்டுத் தோலுரித்துச் சேர்த்தாள். மிளகை அப்போதைக்கப்போது தட்டினாள், எலுமிச்சைத் தோலைச் சீவிப் போட்டாள். வீட்டில் மூன்று பேருக்கும் ஒரே சட்டிதான். தனக்கென்று அவள் ஒரு முட்டைகூட வேகவைத்துக்கொண்டதில்லை.

மூன்றாவது மாதத்தில் ஒரு நாள், வேகவைத்த கோஸுக்கு அடிநாக்கில் ஒரு இனிப்பு உண்டு என்பது மெக்கானிக்குக்குத் தெரிந்தது. ஐம்பத்திரண்டு வருஷம் தெரியாமல் இருந்த விஷயம். அன்றிலிருந்து அவர் நாக்கு அடங்கிவிட்டது. வெளியில் ஒரு வாய் டீகூடக் குடித்ததில்லை.

"இன்னைக்கு கிரியாட்டினின் நாலுக்குக் கீழ வரும் பாருங்க" என்றாள் மனைவி, டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே. "போன தடவை நாலரை. அதுக்கப்புறம் நான் தக்காளிய அடியோட நிறுத்திட்டேன். பீன்ஸ ரெண்டு தண்ணி மாத்தறேன். கண்டிப்பா இறங்கணும்."

"இறங்கும், இறங்கும்."

"நான் கூட வரணும். பிராக்டிகல் எக்ஸாம் வந்து தொலைச்சிருக்கு. லீவுன்னு வாயத் திறந்தேன், பிரின்சிபால் பார்த்த பார்வையில ஆசிட் பாட்டிலே உருகியிருக்கும். ஒரு மணிக்கு ரெண்டாவது பேட்ச் மாறும். அந்தப் பத்து நிமிஷம் போனக் கையில வெச்சுக்கிட்டு நிப்பேன். கூப்பிட்டுச் சொல்லிடுங்க."

"சரி."

"நம்பர மட்டும் சொன்னாப் போதும்."

எட்டு மணிக்கு வாசலில் ஹாரன் அடித்தது. கம்பெனி வேனில் ஏணி வந்திருந்தான். ஆறடிக்கு மேல் நாலு விரல் உயரம் என்பதால் அந்தப் பெயர். லிஃப்ட் கம்பெனியில் ஏணி வேலை பார்க்கிறது என்று இருபது வருஷமாக எல்லோரும் சிரிக்கிறார்கள், அவனும் சேர்ந்து சிரிக்கிறான். மெக்கானிக் லிஃப்ட் கூண்டின் மேலே நின்றால், கீழே குழியில் நிற்பது ஏணிதான். ரொட்டியும் கறியும் இல்லாமல் அவனுக்கு மத்தியானம் நகராது. ஆனால் மெக்கானிக்குக்குக் கிட்னி கெட்ட நாளிலிருந்து பொட்டலத்தைக் கட்டடத்துக்குப் பின்பக்கம் எடுத்துப் போய்த் தின்றுவிட்டு, இரண்டு தரம் வாய் கொப்பளித்துவிட்டுத்தான் பக்கத்தில் வருவான்.

"ஏறுங்கண்ணே. இன்னைக்கு நல்ல சேதிதான். எனக்கு வலது கண் துடிக்குது" என்றான்.

"உனக்குத் தூக்கம் பத்தலடா" என்றார் மெக்கானிக்.

மகள் பின் சீட்டில் ஏறி, டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை அவளுக்கு. மத்தியானம் வரை லீவு சொல்லியிருந்தாள்.

*

டாக்டர் சின்ன வயசுக்காரி. ரிப்போர்ட்டைப் பார்த்தாள், பழைய ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு பேனாவை மூடினாள். பேனாவை மூடினபோதே மெக்கானிக்குக்குத் தெரிந்துவிட்டது.

"ஆறு புள்ளி எட்டு" என்றாள். "எட்டு சதவிகிதம்தான் வேலை செய்யுது."

மகள் கையைப் பிசைந்தாள். "டாக்டர், அம்மா சாப்பாட்டுல…"

"சொல்லுங்க, என்ன சாப்பிடறாரு?"

மகள் ஒப்பிப்பது போலச் சொன்னாள். எத்தனை தரம் தண்ணீர் மாற்றுவது, எத்தனை கிராம், எந்தக் காய் விலக்கு, எந்தக் காய்க்கு வாரத்தில் ஒரு நாள். சொல்லச் சொல்ல அவள் குரலில் ஒரு கோபம் ஏறியது. இவ்வளவுக்கும் பிறகா என்கிற கோபம்.

டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"இதுக்கு மேல ஒரு வீட்டுல செய்ய முடியாதும்மா. உங்கம்மாவ நான் பார்த்ததில்ல. பார்த்தா கும்பிடணும். ஆனா சாப்பாடு தள்ளித்தான் போடும். சில பேருக்கு வருஷக் கணக்காத் தள்ளிப் போடும். உங்கப்பா விஷயத்துல அந்த நோய் கேக்கல. அது பாட்டுக்குப் போகுது."

"அப்போ யார் மேலயும் தப்பு இல்லையா?"

"தப்பு யார் மேலயும் இல்ல."

யார் மேலாவது தப்பு இருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது. தப்பு என்றால் திருத்தலாம். லிஃப்ட் நின்றால் ஒரு ரிலே கருகியிருக்கும், ஒரு கம்பி விட்டிருக்கும். ஒன்றுமே கெடாமல் நின்றுபோன லிஃப்ட்டை அவர் பார்த்ததில்லை.

டாக்டர் ஒரு கடிதம் எழுதினாள். இடது கையில் இரண்டு ரத்தக் குழாயை இணைக்கிற சின்ன ஆபரேஷன். இணைத்த குழாய் தடித்துத் தயாராக ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். அதன் பிறகு அந்த வழியாகத்தான் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய முடியும்.

"வியாழக்கிழமை ஒரு இடம் காலியா இருக்கு. அத உங்களுக்குப் போட்டிருக்கேன். தயவு செஞ்சு தள்ளிப் போடாதீங்க. தள்ளினா, ஒரு நாள் மூச்சு முட்டித் தூக்கிட்டு வருவாங்க, அவசரமாக் கழுத்துல குழாய் சொருக வேண்டியிருக்கும். அது நல்லதில்ல."

"மெஷின் எத்தன நாளைக்கு டாக்டர்?" என்றார் மெக்கானிக்.

"வாரத்துக்கு மூணு நாள்."

"அதில்ல. எத்தன நாளைக்கு?"

டாக்டர் பதில் சொல்ல வாயெடுத்து, மகளைப் பார்த்து, நிறுத்திக்கொண்டாள்.

வெளியே மருந்துக் கடைக்கு எதிரில் ஒரு பெஞ்சு. மகள் டிபன் பாக்ஸைத் திறந்தாள். கோஸும் பூண்டும் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தன. அவள் ஒரு வாய் எடுத்தாள், மெல்லவில்லை. கண்ணிலிருந்து நேராக டப்பாவுக்குள் சொட்டியது.

"ஏய் கண்ணு, உப்பு சேரக் கூடாது" என்றார் மெக்கானிக்.

அவள் சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. அவர் டப்பாவை வாங்கி, அத்தனையையும் வழித்துச் சாப்பிட்டார். அடிநாக்கில் அந்த இனிப்பு இன்றைக்கும் இருந்தது.

ஒரு மணிக்குப் போன் அடித்தது. எடுக்கவில்லை. ஒன்று பத்து வரைக்கும் நாலு தரம் அடித்தது. பிறகு அடிக்கவில்லை.

*

மனைவி நாலரைக்கு வந்தாள். செருப்பைக்கூட ஓரமாக விடவில்லை. விரல் நுனியெல்லாம் சில்வர் நைட்ரேட் பட்டுக் கறுத்திருந்தது.

"எவ்வளவு?"

"முதல்ல உக்காரு."

"எவ்வளவுங்க?"

"ஆறு புள்ளி எட்டு."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு அடுப்படிக்குப் போனாள். மெக்கானிக் பின்னாலேயே போனார். அவள் அலமாரியைத் திறந்து ஒவ்வொரு டப்பாவாக இறக்கிக் கீழே வைத்தாள். மிளகு. கொத்தமல்லி விதை. பயறு. எண்ணெய் பாட்டிலின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள்.

"இந்தப் பயறு புதுக் கடையில வாங்கினது. அதுவா இருக்குமோ?"

"அதெல்லாம் இல்லம்மா."

"போன மாசம் ரெண்டு நாள் காரட்டுக்கு ஒரு தண்ணிதான் மாத்தினேன். ஸ்கூலுக்கு நேரமாச்சுன்னு. ரெண்டே நாள்தான். அதுவா?"

"இல்லன்னு சொல்றேன்ல."

"தராசு தப்புக் காட்டுதோ என்னவோ. நான் ஒரு தடவைகூட எடைக் கல் வெச்சு சோதிச்சுப் பார்க்கல. லேப்ல தினமும் பார்ப்பேன், வீட்டுல பார்க்கல பாருங்க." அவள் தராசை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தான் எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன். ஒரு வேலை குடுத்தா ஒழுங்காச் செய்யறவன்னு பேரு எனக்கு. என் புருஷன் விஷயத்துல போய்த் தப்பு பண்ணியிருக்கேன்."

"டாக்டர் என்ன சொன்னாங்கன்னா…"

"வேண்டாம். சொல்லாதீங்க."

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவள் காலையிலேயே நறுக்கி, ஈரத் துணி போட்டு மூடி வைத்துவிட்டுப் போன காய் மேடைமேல் இருந்தது. அதை ஊறப்போட வேண்டிய நேரம். அவள் எழுந்திருக்கவில்லை. எட்டு மாதத்தில் இந்த நேரத்துக்கு அவள் கை சும்மா இருந்து அவர் பார்த்ததில்லை. கறுத்த விரல்களோடு இரண்டு கையும் மடியில் தராசின் மேல் கிடந்தன.

"இனிமே எதுக்குங்க இதெல்லாம்?" என்றாள். அழவில்லை. தெருவில் யாரோ கேட்டதற்கு வழி சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். "உப்பு டப்பாவ இறக்கிடறேன். உங்களுக்கு என்ன பிடிக்குதோ சாப்பிடுங்க. நானும் எவ்வளவு நாள்தான்…"

அந்தக் குரலை மெக்கானிக்கால் தாங்க முடியவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பார்.

"நான் வெளிய சாப்பிட்டேன்" என்றார்.

"என்னது?"

"கறி. மத்தியானத்துல. ஏணி வாங்கிட்டு வருவான். உன் டப்பாவையும் சாப்பிட்டுட்டு, அதுக்கு மேல அதையும் சாப்பிட்டேன்."

அவள் தலை மெல்ல நிமிர்ந்தது.

"எத்தன நாளா?"

"மூணு மாசமா." வாய் தானாகவே போய்க்கொண்டிருந்தது. "தினம் இல்ல. வாரத்துல ரெண்டு நாள், மூணு நாள். ஈரல் வறுவல். உப்பும் மிளகும் தூக்கலாப் போட்டு, ஓரமெல்லாம் மொறுமொறுன்னு… ரொட்டியில வெச்சுத் தருவான் அந்தக் கடைக்காரன். எண்ணெய் கை வழியா இறங்கும்." சொல்லும்போது அவருக்கே எச்சில் ஊறியது. மூன்று மாதம் இல்லை, எட்டு மாதமாகத் தின்னாதது.

மனைவியின் முகத்தில் ரத்தம் திரும்பி வருவதை அவர் பார்த்தார். அவ்வளவு வேகமாக ஒரு முகம் உயிர் பெற்று அவர் பார்த்ததில்லை.

"அடப்பாவி மனுஷா!"

"தப்புதான்."

"நான் கோஸ் இழைய எண்ணி எண்ணிப் போட்டுக்கிட்டு இருக்கேன், நீங்க ஈரல் வறுவலா? நாக்க இழுத்து வெச்சு அறுக்கணும் உங்கள! நானும் அந்தப் பொண்ணும் ஒரு முட்டைய கண்ணால பார்த்து எட்டு மாசம் ஆச்சு தெரியுமா? யாருக்காக? சொல்லுங்க, யாருக்காக?"

"எனக்காகத்தான்."

"வாயத் திறக்காதீங்க!"

அவள் எழுந்தாள். தராசை மேடையில் டொக்கென்று வைத்தாள். ஈரத் துணியை உருவிவிட்டுக் காயைப் பாத்திரத்தில் கொட்டினாள், வெந்நீரை ஊற்றினாள். திட்டு நிற்கவில்லை, கையும் நிற்கவில்லை. மெக்கானிக் கதவில் சாய்ந்து அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவருக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

அது ஐந்து நிமிஷம்தான். மனைவி போனை எடுத்தாள்.

"யாருக்கு?" என்றார்.

"அந்த நெட்டக் கொக்குக்கு. இங்க வரச் சொல்றேன். என் வாசல்ல நின்னு பதில் சொல்லட்டும்."

"அவன எதுக்கும்மா இழுக்கற? நான் கேட்டதுக்கு அவன் என்ன பண்ணுவான்…"

"இழுக்காம?"

ஏணி பக்கத்துத் தெருவில்தான் ஒரு கட்டடத்தில் இருந்தான். கால் மணியில் வந்துவிட்டான். நல்ல சேதி சொல்லத்தான் அண்ணி கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, நாலு ஆப்பிளைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு, நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தான்.

"நில்லுங்க அங்கயே" என்றாள் மனைவி.

நின்றான்.

"இவருக்குக் கறி வாங்கிக் குடுத்தீங்களா?"

ஏணி மெக்கானிக்கைப் பார்த்தான். மெக்கானிக் தரையைப் பார்த்தார். அடுப்பில் தண்ணீர் கொதிக்க ஆரம்பிக்கிற சத்தம் கேட்டது. மெக்கானிக் ஒரே ஒரு தரம் கண்ணைத் தூக்கினார். அதில் என்ன இருந்ததோ. ஏணி ஆப்பிள் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான்.

"ஆமா அண்ணி" என்றான்.

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான். அண்ணன் ஆசைப்பட்டாரு. மனசு கேக்கல."

"மனசு கேக்கலையா? கொன்னுட்டு மனசு கேக்கலன்னு சொல்றீங்களா? இருபது வருஷமா இந்த வீட்டுல கை நனைச்சிருக்கீங்க. என் பொண்ணத் தோள்ல வெச்சுத் தூக்கியிருக்கீங்க. இனிமே இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது. அந்த ஆப்பிளையும் எடுத்துட்டுப் போங்க."

ஏணி பையோடு திரும்பினான். குனிந்து வெளியேறினான். மெக்கானிக் பின்னால் ஓடினார். வீங்கின காலோடு ஓடுவது என்றால் வேகமாக நடப்பதுதான். வேன் கதவருகில் பிடித்தார்.

"டேய்… அவ இடிஞ்சு போய் உக்காந்துட்டா. எனக்கு வேற ஒண்ணும் தோணலடா."

"ரிப்போர்ட் மோசமாண்ணே?"

"மோசம்தான்."

ஏணி வேன் கூரையைத் தடவினான். மூக்கை உறிஞ்சினான்.

"என்ன சாப்பிட்டோம்னு மட்டும் சொல்லுங்கண்ணே. நாளைக்கு அண்ணி திரும்பக் கேட்டா நான் மாத்திச் சொல்லிடக் கூடாதில்ல."

"ஈரல் வறுவல். ரொட்டியில வெச்சு."

"சரிண்ணே" என்றான் ஏணி. வேனில் ஏறிப் போய்விட்டான். ஆப்பிள் பையை அவன் சுற்றுச்சுவர் மேலேயே விட்டுவிட்டுப் போயிருந்தான். அதை எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் மெக்கானிக் விட்டுவிட்டு உள்ளே வந்தார்.

*

மகள் ஐந்தரைக்கு வந்தாள். வாசலிலேயே அப்பா முகத்தைப் பார்த்தாள். அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல், கோபமும் சுறுசுறுப்புமாக வந்துகொண்டிருந்தது.

"வாடி. உங்கப்பா லட்சணத்தக் கேளு. மூணு மாசமா வெளிய ஈரல் தின்னிருக்காரு. திருட்டுத்தனமா. நான்கூட என் சமையல்தான் வேலை செய்யலையோன்னு ஒரு நிமிஷம் செத்துப் போயிட்டேன். சமையல் வேலை செஞ்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கு. இவரு உள்ள போட்டுக் கெடுத்திருக்காரு."

மகள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையை லேசாக ஆட்டினார். வேண்டாம் என்று.

"டாக்டர் என்னடி எழுதிக் குடுத்தாங்க?"

மகள் கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தாள். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள். ஒரு தரம் படித்தாள், மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"வியாழக்கிழமையா? இது வேண்டாம்."

"அம்மா!"

"பொறு. நான் சொல்றதக் கேளு. டாக்டருக்கு இவரு கறி தின்னது தெரியுமா? தெரியாது. தெரியாம எழுதின லெட்டர்தானே இது? லேப்ல சாம்பிள்ல தூசி விழுந்துட்டா வர்ற ரிசல்ட்ட நாங்க நம்ப மாட்டோம். கீழ கொட்டிட்டுத் திரும்பச் செய்வோம். இது தூசி விழுந்த ரிசல்ட்டு." அவள் கண் பளபளத்தது. "மூணு மாசம் குடுங்க எனக்கு. டப்பாவ நானே கொண்டு வந்து குடுக்கறேன், பக்கத்துல உக்காந்து ஊட்டறேன், வேலைய வேணும்னாலும் விட்டுடறேன். நாலுக்குக் கீழ நான் கொண்டு வர்றேனா இல்லையா பாருங்க. நல்லா இருக்கிற கைய எதுக்கு அறுக்கணும்?"

"அம்மா, டாக்டர் இன்னைக்கு என்ன சொன்னாங்கன்னா, சாப்பாட்டுக்கும் இதுக்கும்…"

"சும்மா இரு கண்ணு" என்றார் மெக்கானிக்.

மனைவி போனில் எண்ணை அழுத்தினாள். கடிதத்தின் தலையில் அச்சடித்திருந்த எண்.

மெக்கானிக் எழுந்தார். சொல்லிவிட வேண்டும். பொய் சொன்னேன் என்று இரண்டு சொல்தான். ஆனால் அதைச் சொன்னால் அந்த மடியில் கிடந்த கை இரண்டும் மறுபடி அப்படியே கிடக்கும். இந்தத் தரம் எழுந்திருக்காது. அவர் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆமாங்க, வியாழக்கிழமை. வேண்டாம்னு சொல்றோம்… இல்ல இல்ல, வேற ஒரு காரணம். வேற யாருக்காவது குடுத்துடுங்க… அடுத்த தேதியா?"

போனிலிருந்து ஒரு பெண்ணின் குரல் மெக்கானிக்குக்குக் கேட்டது. ஏழு வாரம் கழித்துத்தான் காலி இருக்கிறதாம். பரவாயில்லையா?

"பரவாயில்லைங்க" என்றாள் மனைவி. "அப்பவும் தேவைப்படாது."

போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். வடிதட்டில் கொதித்த தண்ணீர் இறங்குகிற சத்தம். பூண்டு எண்ணெயில் பொரிகிற வாசனை வந்தது. அவள் ஏதோ முணுமுணுத்துப் பாடுகிறாள் என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது. கேட்டு எவ்வளவு காலம் ஆகிறது.

மகள் அவர் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"ஆறு மணி வரைக்கும் அந்த ஆபீஸ்ல ஆள் இருப்பாங்க. இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு. யாருக்கும் குடுக்கறதுக்குள்ள வாங்கிடலாம். நீங்க சொல்லுங்கப்பா. அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும்."

"சொல்றேன்."

"இப்ப."

"சொல்றேன் கண்ணு."

அவர் அடுப்படிப் பக்கம் இரண்டு அடி எடுத்து வைத்தார். மனைவி தட்டோடு எதிரே வந்தாள். ஆவி பறக்கும் சோறு, கோஸ், நடுவில் சுட்ட குடைமிளகாய் சிவப்பாக.

"எங்க கிளம்பிட்டீங்க? உக்காருங்க. சூடு ஆறிடும்" என்றாள். கோபம் இன்னும் இருந்தது. ஆனால் தட்டை அவர் கையில் கொடுக்கும்போது, அதன் விளிம்பில் ஒட்டியிருந்த ஒரு பருக்கையை விரலால் வழித்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

அவர் உட்கார்ந்தார். சாப்பிட்டார். அவள் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் பன்னிரண்டைத் தொட்டு மணி ஆறானது. அதைப் பார்த்தது மகள் மட்டும்தான். அவள் மேஜையிலிருந்த கடிதத்தை மடித்துக் கைப்பையில் போட்டாள், செருப்பை மாட்டினாள்.

"எங்கடி போற? சாப்பாடு எடுத்து வெச்சாச்சு" என்றாள் மனைவி.

"வந்துடறேன்."

கதவு சாத்திக்கொண்டது. கடிதத்தோடு அந்த டாக்டரைத் தேடித்தான் போகிறாள் என்று மெக்கானிக்குக்குத் தெரிந்திருந்தது. தட்டிலிருந்து கையை எடுத்து, எழுந்து அவளைத் தடுக்கவும் அவரால் முடியவில்லை, பின்னாலேயே போகவும் முடியவில்லை.

"இன்னும் கொஞ்சம் கோஸ் வைக்கட்டுமா?" என்று கேட்டாள் மனைவி.

"வை" என்றார்.